கட்டம் போட்ட பத்தி

போன மாதம் நம் பள்ளி வாட்சாப் குழுவில் யாரோ நம் தோட்டத்து லயத்தின் படத்தைப் போட்டீர்கள். வரிசை வீடுகள் இடிந்து குட்டிச்சுவராக நிற்க, நடுவில் செம்பனைக் கன்று நட்டிருந்த படம். அதற்குக் கீழே நம்மில் ஒருவன் எழுதினான்: "டேய், இதுல புகைவண்டி வீடு எதுடா? கரிஞ்ச வாசம் இன்னும் அடிக்குதா லா?" நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். நானும் ஒன்று போட்டேன்.

புகைவண்டி என்பது என் அப்பாவுக்கு நீங்கள் வைத்த பெயர். தோட்டத்து ஆபீஸ் கணக்கு பார்த்த பெரிய கிராணி வீட்டுப் பொம்மை ரயில் இன்ஜினுக்குச் சத்தம் வைக்கப் போய், பிறந்தநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் அதைக் கருக்கிவிட்டார் என்ற கதை உங்களுக்குத் தெரியும். தண்ணி போட்டுவிட்டு வேலை பார்த்தார் என்று சிலர் சொன்னீர்கள். வந்த சாமானை விற்றுவிட்டு மட்டமான சாமானை வைத்தார் என்று சிலர். லயமே இல்லாமல் போன பிறகும் அந்தக் கதை மட்டும் நன்றாக இருக்கிறது. அதில் ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆள் நான். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை, கிழவன் மாதிரி பழைய கதை எழுதுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, படியுங்கள்.

நாம் ஆறாம் ஆண்டுச் சோதனை எழுதி முடித்த வருஷக் கடைசி அது. மழைக்காலம். முடிவு வந்த வாரம் தலைமையாசிரியர் பள்ளி வேலியில் ஒரு பேனர் கட்டினார், நினைவிருக்கிறதா? நீல நிறம், நடுவில் என் படம், கழுத்துப் பட்டி கோணலாக. எல்லாப் பாடத்திலும் ஏ. தோட்டத்து எல்லைக்குள் வருகிற லோரிக்காரனுக்கும் குலை ஏற்றுகிறவனுக்கும் முதலில் தெரிவது என் முகம்தான். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளை அந்த இடத்தில் மெதுவாக்குவார், நிறுத்த மாட்டார். ஒரு நாள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேலியாக, "என்னய்யா, தினமும் மவனுக்குச் சலாம் போட்டுட்டுதான் போறியா?" என்று கேட்டதற்கு, "பின்ன? என் வீட்டுல ஒரு இங்கிலீசு ஆளு இருக்கான்ல" என்றாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த இங்கிலீஷ் ஆளுக்கு எவ்வளவு இங்கிலீஷ் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். என் சிறந்த நண்பன், என் பள்ளி விளையாட்டுப் போட்டி, காலி இடத்தை நிரப்பு. அவ்வளவுதான்.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். உயரமான மரத்துக்கு நீண்ட கம்பியின் நுனியில் அரிவாளைக் கட்டி, தலைக்கு மேலே தூக்கி இழுக்க வேண்டும். அந்த வருஷமே அவருடைய வலது தோள் போய்விட்டது. சட்டையைத் தலை வழியாகக் கழற்ற முடியாமல் அம்மா பின்னாலிருந்து உருவி எடுப்பாள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பியபின் அவர் வேறு ஆள். லயத்தில் யார் வீட்டு மின்விசிறி நின்றாலும், ரேடியோ ரோசாக் ஆகிப் பாடாமல் போனாலும் அவரிடம்தான் வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிரித்துப் பார்ப்பார், கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார், பிறகு கைவைப்பார்.

தோட்டத்து எண்ணெய் மில்லில் வயர்மேனுக்குக் கையாள் வேலை ஒன்று அப்போது காலியாக இருந்தது. மாதச் சம்பளம், நிழலில் வேலை, தோளுக்கு மேலே கை தூக்க வேண்டாம். அப்பாவுக்கு அது வேண்டும். வேறெதையும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் பெரிய கிராணி.

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் மேனேஜர் அவரைப் பங்களாவிலேயே வைத்திருந்தார், கணக்கு விஷயத்தில் யோசனை கேட்க. வீட்டு முன் அறையில் ஒரு நீள மேசை, அதன்மேல் வட்டமாகத் தண்டவாளம், ஒரு கறுப்பு நீராவி இன்ஜின், பின்னால் நிலக்கரிப் பெட்டி. நாம் தீபாவளிக்குப் பலகாரம் வாங்கப் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறோம். தொடவிட்டதில்லை.

ஒரு மதியம் அவர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பின்சீட்டில் போனேன். இன்ஜினை அவர் வாசலுக்கே எடுத்துவந்தார்.

"இஞ்ச பார், இது என்ர அப்பா பென்ஷனுக்குப் போகேக்க லண்டனில இருந்து எடுப்பிச்சது. மகன் ஆஸ்திரேலியாவில இருந்து சத்தம் அனுப்பியிருக்கிறான். நிக்கேக்க மூச்சு விடுமாம், வெளிக்கிடேக்க கூவுமாம். என்ர எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லாரும் வருகினம். அதுக்கிடையில அதை இன்ஜினுக்க பூட்ட வேணும். ஏலுமோ?"

அப்பா இன்ஜினை இரண்டு கையாலும் வாங்கினார். "கனமா இருக்குங்களே ஐயா. முழுக்க இரும்பா?"

"அந்தக் காலத்துச் சாமான். இப்ப எல்லாம் பிளாஸ்டிக்."

"தாளு ஏதும் கூட வந்திருக்குங்களா?"

"ஓம், பெட்டிக்க கிடக்கு. எல்லாம் அதில எழுதியிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு மேனேஜரும் வருவார். இது நல்லா ஓடிச்சுதெண்டா, மில் விஷயத்தை அங்கேயே வச்சுச் சொல்லிவிடுறன்" என்றார்.

அவர் கையில் அப்போது ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. தினமும் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். அந்த ஒற்றைத் தாளை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. அது அன்று எனக்கு உறைக்கவில்லை. வயர் முடுக்குகிற வேலைக்கான தாள் வயர் முடுக்குகிறவன் படிக்க வேண்டியது என்று நினைத்திருப்பார். இன்றுவரை அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, என்மேல் உள்ளதற்கு அடுத்தபடியாக.

வீட்டில் அம்மா கேட்கத்தான் கேட்டாள். "ஏங்க, அவருகிட்டயே ஒரு வாட்டி படிச்சுக் காட்டச் சொல்லலாமில்ல?"

"தாள் படிக்கத் தெரியாதவன்னு தெரிஞ்சா வயர்மேன் வேலைக்கு எப்படிலா எடுத்துச் சொல்லுவாரு? இந்தா, நம்ம ஆளு இருக்கான்ல." என் தலையில் கைவைத்தார். "தம்பி படிப்பான்."

சமையலறை மேசையில் பழைய துணி விரித்து வேலை நடந்தது. வெளியே தகரக் கூரையில் மழை. ஈயம் உருகும் வாசனை, அம்மாவின் கருவாட்டுக் குழம்பு வாசனை, இன்ஜினுக்குள்ளிருந்து வந்த பழைய எண்ணெய் வாசனை, மூன்றும் கலந்து இன்றும் மூக்கில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு. அதிலிருந்து கலர் கலராக மெல்லிய வயர்கள். கூடவே ஐம்பது காசு நாணய அகலத்தில் ஒரு ஸ்பீக்கர். விஷயம் இதுதான்: முன்பு தண்டவாளத்திலிருந்து கரண்ட் நேராக மோட்டாருக்குப் போகும். இனி முதலில் போர்டுக்குப் போக வேண்டும், போர்டுதான் மோட்டாருக்கும் கொடுக்கும், சத்தத்தையும் கொடுக்கும்.

தாளில் ஒரு படம் இருந்ததால் முக்கால்வாசி வேலை எனக்குச் சுலபமாக இருந்தது. "சிவப்பும் கறுப்பும் சக்கரத்துக்குப்பா. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. ஊதா ரெண்டும் ஸ்பீக்கருக்கு." ஒவ்வொன்றுக்கும் அப்பா, "சரிங்க சார்" என்றார். அந்த சார் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுதாகாது. ஸ்பீக்கரை நிலக்கரிப் பெட்டிக்குள் வைத்து, சத்தம் வெளியே வர அடித்தகட்டில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டார். கோலப்புள்ளி மாதிரி நேராக இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

தாளின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. தடித்த கோட்டுக்குள் ஐந்தாறு வரி. மேலே முக்கியம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது, அது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் மட்டும் வாரண்டி என்ற சொல் தெரிந்தது, டிவிப் பெட்டியில் பார்த்த சொல்.

"அந்தக் கட்டத்துல என்னா போட்டிருக்கு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். அகராதி பள்ளியில் பூட்டிக் கிடந்தது, ஆனால் ஆங்கில ஆசிரியை வீடு சைக்கிளில் ஐந்து நிமிடம். போயிருக்கலாம். போய், பேனரில் இருக்கிற பையனுக்கு ஒரு தாள் படிக்கத் தெரியவில்லை என்று அவர் முன் நின்றிருக்க வேண்டும்.

"அது வாரண்டி விஷயம்பா. கம்பெனிக்காரன் எல்லாத்துலயும் போடுறதுதான்."

"ஓ" என்றார்.

அதோடு முடிந்திருந்தால்கூட அறியாமை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். மறுநாள் மோட்டாரைக் கழற்றி வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு தம்பி. மோட்டாருக்கு ரெண்டு முனை. இந்த முனையோட ஸ்பிரிங்குல உறை மாட்டியிருக்கான், பாடியில படல. அந்த முனைக்கு உறை இல்ல. பாடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. பாடி சக்கரத்துல ஒட்டுது, சக்கரம் தண்டவாளத்துல ஒட்டுது. அப்ப தண்டவாளத்துக் கரண்டு போர்டு வழியா போகாம, குறுக்கால இப்படி வந்து மோட்டார்ல ஏறாது? ரெண்டும் மோதிக்குமே. இதப் பத்தி தாள்ல ஒன்னும் போடலயா?"

சொல்லிக்கொண்டே ஒரு வயரின் தோலை உருவி, அந்தச் சின்னக் குழாயை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக் காட்டினார். சிவப்பு நிறம், ஒரு அரிசி நீளம்கூட இல்லை. "இதை இந்த ஸ்பிரிங்குல செருகிட்டா தீந்துச்சு."

அப்போது எனக்கு அந்தக் கட்டம் நினைவுக்கு வந்தது. வந்தது என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. ஒருவேளை இதைத்தான் எழுதியிருக்குமோ என்று தோன்றியது. ஆனால் இப்போது தாளை எடுத்து மறுபடி பார்த்தால், நேற்றுச் சொன்னது பொய் என்றாகிவிடும்.

"தாள்ல அப்படி ஒன்னும் இல்லப்பா. படத்துலயும் இல்ல. அவன் சொல்லாததை நாமா செஞ்சா ரோசாக் ஆயிடப் போவுது."

அப்பா அந்தக் குழாயைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"படிச்சவன் சொன்னா சரியாதான் இருக்கும்" என்று குழாயைப் பீங்கான் தட்டில் போட்டார். எத்தனையோ மின்விசிறிகளையும் ரேடியோக்களையும் அந்தக் கையை நம்பியே சரிசெய்தவர். அந்த ஒரு நாள் கையை நம்பாமல் என்னை நம்பினார். சாயங்காலம் அம்மா தட்டைக் கழுவினாள். அந்தச் சின்னக் குழாயும் கழுவிய தண்ணீரோடு கால்வாயில் போயிருக்கும்.

ஓட்டிப் பார்க்க வழியில்லை. புதுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கிராணியின் மகன்தான் விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தது.

பிறந்தநாள் அன்று காலையிலேயே கிராணி வீட்டில் கூட்டம். அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார், பொத்தான் வைத்த சட்டை என்பதால் தோளுக்குச் சிரமம் இல்லை. நீங்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் நின்றீர்கள். நான் உள்ளே நின்றேன். அந்த வீட்டுக்குள் முதல்முறை.

மகன் கருவியை மாட்டி, இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு இன்ஜின் மூச்சுவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், உயிருள்ளது மாதிரி இருந்தது. உஸ்ஸ் என்று ஒரு இழுப்பு, உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. அடுத்த பொத்தானுக்கு நீளமாகக் கூவியது. பெரிய கிராணி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர அப்பா வீட்டுக்கு வாற சத்தம்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, அப்படியே சொன்னார். மேனேஜர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். அப்பா கைகளை முன்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார். மில் வேலை கிடைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

மகன் திருகியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு முழம் ஓடியது. சத்தம் நின்றது. புகைபோக்கி வழியாகப் புகை வந்தது.

பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். புகையும் வருகிறது, புகையும் வருகிறது என்று ஆங்கிலத்தில் கத்திக் குதித்தார்கள். ஜன்னலில் நின்ற நீங்களும் தட்டினீர்கள். பெரியவர்கள் சிலரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் அப்பா ஒருவர்தான் பாய்ந்து போய் இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கினார். விரல் பொசுங்கியது, விடவில்லை. ஊதினார். பிறகுதான் பிளாஸ்டிக் கருகிய வாசம் எல்லோர் மூக்கிலும் ஏறியது.

மகன் மூடியைக் கழற்றிப் பார்த்தார். பெட்டியிலிருந்து தாளை எடுத்தார். விரலால் அந்தக் கட்டத்தைத் தட்டித் தட்டித் தன் அப்பாவிடம் ஆங்கிலத்தில் பேசினார். பழைய மாடல் இன்ஜினில் மோட்டாரை இரும்பு உடம்பிலிருந்து பிரித்துவிட்டுத்தான் போர்டைப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் போர்டு எரியும் என்று கட்டம் போட்டே எழுதியிருக்கிறதே, இந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியாதா? இது எல்லாம் எனக்குப் புரிந்தது. கருகிய போர்டையும் மோட்டாரையும் தொட்டுக் காட்டிப் பேச்சாகச் சொன்னபோது எல்லாமே புரிந்தது.

பெரிய கிராணி கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "வாசிக்கத் தெரியாதவனிட்டக் குடுத்தது என்ர பிழை" என்றார், தமிழில், அப்பாவுக்கு விளங்கட்டும் என்று.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த விரல் எதைத் தட்டுகிறது என்பது தெரிந்தது. என் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு தடவை இமைக்கிற நேரம். நான் பேனரில் இருப்பதுபோலவே நிமிர்ந்து நின்றேன். வேறு எப்படி நிற்பதென்று தெரியவில்லை.

"எழுதியிருந்துச்சுங்க ஐயா" என்றார் அப்பா. "பையன் ஒன்னு விடாம படிச்சுச் சொன்னான். நான்தான் காதுல வாங்கல."

"சொல்லியும் செய்யேல்லையோ?"

"என் தப்புங்க ஐயா."

மேனேஜர் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு யாரோடோ பேசப் போனார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிள் பேனருக்குப் பக்கத்தில் வந்தது. வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டேன். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அம்மாவிடம்கூட, "கவனமில்லாம செஞ்சிட்டேன்" என்று மட்டும்தான் சொன்னார். அம்மா பல வருஷம் அதைச் சொல்லிக் காட்டினாள். "புள்ள படிச்சுப் படிச்சுச் சொன்னானாம், இவருக்குத் திமிரு." நான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பேன்.

மில் வேலை பத்தாங் காலி என்ற ஊரிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. தலைமையாசிரியர் அடுத்த வருஷம் பேனரை அவிழ்த்து எங்களுக்கே கொடுத்தார். அப்பா அதை ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார், என் முகம் உள்பக்கம் வரும்படி, வெயிலில் வெளுக்காமல் இருக்கட்டும் என்று. தோட்டத்துப் பழைய மரங்களை வெட்டி முடித்து எங்களை அனுப்பும்வரை இன்னும் ஒன்பது வருஷம் அரிவாள் கம்பியைத் தூக்கினார். நீங்கள் ஒன்பது வருஷமும் புகைவண்டி என்றே கூப்பிட்டீர்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

நான் மின்னியல் படித்தேன். இப்போது மில்களுக்கு இயந்திரம் பூட்டிக் கொடுக்கும் இடத்தில் வேலை, ஆங்கிலத் தாள்களைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்வதுதான் பாதி வேலை. வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் அப்பா இன்னும் என்னிடம்தான் நீட்டுவார். நான் படித்து முடித்ததும் ஒரே கேள்வி கேட்பார். குரலில் குத்தல் இருக்காது, மழை வருமா என்று கேட்பதுபோல இருக்கும். "கட்டம் போட்டு ஏதாச்சும் எழுதியிருக்கா?"

குழுவில் அந்தப் படத்தைப் போட்ட அதே வாரம் அப்பாவின் தோளுக்கு அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். எலும்போடு தசையைப் பிடித்திருந்த தசைநார் தேய்ந்து அறுந்தேபோய்விட்டதாம். கையை இடுப்புக்கு மேலே தூக்க முடிவதில்லை. மருத்துவமனையில் தாதி ஒப்புதல் தாளைக் கொண்டுவந்து வைத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒவ்வொரு சொல்லாக, தெரியாத இரண்டு மருத்துவச் சொற்களைத் தாதியிடம் கேட்டுக் கேட்டு, அப்பாவுக்குச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கட்டம் போட்டு ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"இருக்குப்பா."

"என்னா போட்டிருக்கு?"

நோயாளிக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், படித்துச் சொன்னவர், எதையும் விடாமல் முழுவதையும் உண்மையாகச் சொன்னேன் என்று அங்கே கையெழுத்துப் போட வேண்டும். அதைத்தான் போட்டிருந்தது. அதையும் படித்துச் சொன்னேன்.

அப்பா கண்ணைத் திறந்தார். தாதியின் மேசையில் பேனா இருந்தது. வலது கையை எடுக்கப் பார்த்தார், எழவில்லை. இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.